தற்சேவைக்கு முன் அளவீடு: மெய்நிகராக்கத்திலிருந்து தனியார் மேகத்துக்கு

மெய்நிகராக்கம் ஏற்கெனவே நடைமுறையில் உள்ள நிறுவனத்தில், அதன்மேல் ஒரு தற்சேவைத் தளத்தை ஏற்றினாலே தனியார் மேகம் கிடைத்துவிடும் என்ற கருத்து இத்துறை எழுத்துகளில் வேரூன்றியிருக்கிறது. ஹைப்பர்வைசர், பகிர்வுச் சேமிப்பகம், இயங்கும் எந்திரத்தை நிறுத்தாமலே இடம்மாற்றும் வசதி எல்லாம் இருக்க, பயனர் தாமே எந்திரம் பெறும் வாயில் ஒன்றுதான் குறை என்பது அதன் தருக்கம். அந்த வாயில் கடைசியில் திறக்கப்பட வேண்டியது என்பதே இக்கட்டுரையின் வாதம்.

அக்கருத்துக்கு ஆதாரமாகக் காட்டப்படுவது, அமெரிக்கத் தேசியத் தரநிலை மற்றும் தொழில்நுட்ப நிறுவனம் 2011 செப்டம்பரில் வெளியிட்ட 800-145 எண்ணுள்ள ஆவணம். பீட்டர் மெல், திமோதி கிரான்ஸ் எழுதிய அச்சிற்றாவணம் மேகத்துக்கு ஐந்து இன்றியமையாப் பண்புகளை வகுக்கிறது: தற்சேவை முதலாவது, அளவிடப்படும் சேவை ஐந்தாவது. இந்த அடுக்கை முன்னுரிமை வரிசையாகக் கொண்டவர்கள் ஐந்தாவதைக் கட்டண வசூலாகச் சுருக்கினர். தன் துறைகளுக்கே விலைச்சீட்டு அனுப்பாத நிறுவனத்துக்கு அது வேண்டாம் என்றும் முடித்தனர். மூலம் அதற்கு இடம் தரவில்லை. கட்டணம் பற்றிய பேச்சு அங்கே அடிக்குறிப்பில்தான் வருகிறது. அளக்கும் திறனைக் கொண்டு வளப் பயன்பாட்டை அமைப்பு தானாகவே கட்டுப்படுத்துகிறது என்பதே உடற்பகுதியின் கூற்று. நெகிழ்திறன் பற்றிய பகுதியோ, வளம் பயனருக்குப் பெரும்பாலும் எல்லையற்றதாகத் தோன்றும் என்று மட்டுமே சொல்கிறது. தனியார் மேகத்தின் வரையறை ஒரே நிறுவனத்துக்குள்ளும் பல நுகர்வோரைக் கருதுகிறது. மூன்றையும் சேர்த்துப் படித்தால், எல்லையுள்ள வன்பொருளைப் பல கைகள் எல்லையற்றதென எண்ணி எடுக்கும் நிலையைக் காக்க வல்லது ஐந்தாவது பண்பே என்பது தெளிவாகும். ஆசிரியர்கள் இப்படியொரு செயல்வரிசையை மனத்தில் கொண்டே எழுதினர் என நான் துணியவில்லை. வாசகம் இந்த வாசிப்பைத் தாங்குகிறது என்ற அளவே போதும்.

நடைமுறையும் இதற்கே சான்று. பழைய ஏற்பாட்டில் கட்டுப்பாடு நிருவாகியிடம் இருந்தது. விண்ணப்பம் வந்ததும் அவர் மிச்ச நினைவகத்தைப் பார்த்தார். ஒரு வழங்கி செயலிழந்தால் அதன் எந்திரங்களை மற்றவை ஏற்குமா எனக் கணக்கிட்டார். எந்த விலானில் இணைப்பது என முடிவுசெய்தார். தாமதம் எனப் பழிக்கப்பட்ட அந்த இடைவெளியில்தான் பாதுகாப்பின் பெரும்பகுதி நடந்துவந்தது. தற்சேவை அவரை விலக்கும்போது அந்தக் கணக்கும் போய்விடுகிறது. ஓப்பன்ஸ்டாக் மேகத் தளத்தில் எந்திரங்களை எழுப்பும் பகுதியான நோவா நெடுங்காலம் ஒரு மெய்யான செயலிக் கருவுக்கு 16 மெய்நிகர் கருக்களையும், நினைவகத்துக்கு 1.5 மடங்கையும் இயல்பமைப்பாக வைத்திருந்தது. தரவுத்தளங்கள் ஓடும் வழங்கிகள்மீது அதை அப்படியே பரப்பினால், செயலிழப்புக்கென ஒதுக்கிய இடத்தைச் சோதனை எந்திரங்கள் நிரப்பிவிடும். குறை வெளிப்படுவது வழங்கி விழும் நாளில்தான். வாதத்துக்கு இதைவிட நெருக்கமான சான்று ஒன்றும் உண்டு. வீஎம்வேரின் விசென்டர் மேலாளும் வழங்கிக் கொத்து முழுவதையும் நோவா தன் இயக்கியின் வழியே ஒரே கணிப்பு முனையாகக் காண்கிறது. உள்ளே எந்த வழங்கியில் எந்திரம் அமர்வது என்பதைக் கொத்தே தீர்மானிக்கிறது. ஆகவே வாயிலை நடத்தும் அமைப்புக்கு வழங்கி அளவிலான நெருக்கடி தெரிய வழியில்லை. மேலே தளம் ஏற்றினால் போதும் என்ற வாதம் இங்கேயே தளர்கிறது.

பயனர்கள் ஒரே நிறுவனத்தினர், எனவே நம்பத்தக்கவர்கள் என்பது வழக்கமான மறுப்பு. அந்த நம்பிக்கை போதாது. 2023 பிப்ரவரியில் வீஎம்வேரின் ஹைப்பர்வைசர்களிடையே பரவிய ஈஎஸ்எக்ஸ்ஐஆர்க்ஸ் பணயத் தாக்குதல், ஈராண்டுக்கு முன்பே திருத்தம் வெளிவந்திருந்த ஓட்டையின் வழியே நுழைந்ததாகவே கருதப்படுகிறது. ஹைப்பர்வைசர் வசமானதும் அதன்மேலிருந்த எந்திரங்கள் யாவற்றின் கோப்புகளும் குறிவைக்கப்பட்டன. உள்ளிருக்கும் ஒருவர் கவனமின்றி எழுப்பிய எந்திரத்திலிருந்து மேலாண்மை வலையமைப்பை எட்ட முடியுமானால், அவருடைய நல்லெண்ணம் தடையாகாது. வரம்பு வைத்தால் பயனர்கள் பொது மேகத்துக்குப் போய்விடுவார்கள் என்ற மறுப்பு பெரிதல்ல. அங்கேயும் வரம்புகள் உண்டு.

வீஎம்வேரைப் பிராட்காம் 2023 நவம்பரில் வாங்கி, அடுத்த மாதமே நிரந்தர உரிம விற்பனையை நிறுத்தியபின் பல நிறுவனங்களுக்கு வேறு தளத்துக்கு மாறும் அவசரம் வந்திருக்கிறது. அது நியாயமானதே. ஆயினும் மாதக் கடைசிச் சுமையையும் உட்படுத்திப் பழைய கொத்தை அளப்பது, துறைவாரியாக வரம்பிடுவது, மேலாண்மை வலையமைப்பைப் பிரிப்பது ஆகிய மூன்றும் முடிந்த பிறகே, தனியான ஒரு புதிய கொத்தில் வாயிலைத் திறக்க வேண்டும். பழைய எந்திரங்கள் அதன் பின்னரே ஒவ்வொன்றாக வரலாம். கேவிஎம் ஹைப்பர்வைசருக்கு மாறும் விண்டோஸ் எந்திரங்களில் விர்ட்ஐஓ இயக்கிகளை முன்கூட்டியே சேர்க்காவிட்டால் தொடக்க வட்டையே அவை காணாமல் நிற்கக்கூடும். எனவே புதிய இடத்தில் காப்புநகலை மீட்டுப் பார்க்கும்வரை மூல எந்திரத்தை அணைத்து வைக்கலாம், அழிக்கக் கூடாது.