மஞ்சள் பைத்திய எறும்பு: பல ராணிகள் வாழும் கூட்டின் மரபியல்

மஞ்சள் பைத்திய எறும்பு (அனோப்லோலெபிஸ் கிராசிலிப்ஸ்) ஒரே கூட்டில் பல ராணிகள் முட்டையிடும் இனம். கலைத்தால் திசை மாறி மாறி ஓடும் பதற்றமே இதற்குப் 'பைத்திய' என்ற பெயர் தந்தது. 2022இல் திண்டுக்கல் மாவட்டம் நத்தம் அருகே, கரந்தமலைக் காட்டை ஒட்டிய ஊர்களில் இது பெருகி, ஆடுமாடுகளின் கண்களில் ஃபார்மிக் அமிலத்தைப் பீய்ச்சியபோது, எங்கிருந்தோ புதிதாக வந்த பூச்சி என்ற எண்ணம் பரவியது. ஆனால் தாமஸ் ஜெர்டன் 1851இல் சென்னை இதழொன்றில் வெளியிட்ட தென்னிந்திய எறும்புப் பட்டியலிலேயே இது இடம்பெற்றுவிட்டது. ஆகவே, விளக்கம் தேவைப்படுவது இதன் வருகைக்கு அல்ல, பெருகும் திறனுக்கு. அத்திறனில் ஒரு பங்கு இதன் இணைசேரும் முறையில் இருக்கிறது.

பெரும்பாலான எறும்பினங்களில் இளம் ராணி பறந்துபோய் இணைசேர்ந்து, தனியாகப் புதுக் கூடு தொடங்கும். அவற்றில் மிகப் பல மடிந்துபோகும். இந்த இனத்தில் கூட்டுக்குள்ளேயே இணைசேர்வதுதான் வழக்கம். பிறகு ராணி, வேலைக்கார எறும்புகளுடன் நடந்தே அருகில் குடியேறும். இப்படிப் பிரிந்த கூடுகள் தமக்குள் சண்டையிடுவதில்லை, பெருங்குடியாக விரிகின்றன. உறவுக்குள்ளேயே இணைசேர்ந்தால் மரபணு வேறுபாடு சுருங்கிவிடாதா என்ற ஐயம் நியாயமானது. ஆனால் வேலைக்கார எறும்புகளில் வேறுபாடு வியக்கத்தக்க அளவு மிகுந்திருந்தது. ஹியூகோ டாரஸ் குழுவினர் 2023இல் 'சயின்ஸ்' இதழில் இதற்கு விடை தந்தனர். இந்த எறும்பில் ஆர், டபிள்யூ என இரு மரபுவழிகள் உண்டு. ராணியின் இரு மரபணுத் தொகுதிகளும் ஆர். அவளுடைய முட்டையில் ஆர் விந்து சேர்ந்தால் ராணி பிறக்கும். டபிள்யூ விந்து சேர்ந்து இரு உட்கருக்களும் கலந்தால் வேலைக்கார எறும்பு. கலக்காமல் தனித்தனியே பிளவுற்றால் ஆண்: அதன் உடலில் சில செல்கள் ஆர், மற்றவை டபிள்யூ. கருவுறாத முட்டையிலிருந்து ஆண் பிறக்கும் என்ற எறும்புலகின் பொதுவிதி இங்கே பொருந்தவில்லை.

ஆணின் இந்தக் கலப்பு உடல் வளர்ச்சிக் கோளாறாக இருக்கக்கூடாதா? பிற விலங்குகளில் இத்தகைய இருமரபு உடல் அரிய விபத்துதான். இங்கே அப்படிக் கொள்ள முடியாது. ராணியிடம் டபிள்யூ இல்லை. வேலைக்கார எறும்பிடம் இருந்தாலும் அதன் வழியே அடுத்த தலைமுறைக்குப் போவதில்லை. ஆணின் கலப்பு உடல் ஒன்றே அம்மரபு பிழைக்கும் வழி. ராணிகள் எவ்வளவு நெருங்கிய உறவில் பிறந்தாலும் உழைக்கும் கூட்டம் ஒவ்வொரு தலைமுறையிலும் புதிய கலப்பாகவே பிறக்கிறது. ஒன்றைச் சேர்த்துச் சொல்ல வேண்டும்: மரபியல் பெருகும் திறனைத்தான் விளக்கும், பெருங்குடிக்குத் தீனியும் வேண்டும். கிறிஸ்துமஸ் தீவில் கோடிக்கணக்கான சிவப்பு நண்டுகளைக் கொன்ற பெருங்குடிகள் செதிற்பூச்சிகள் சுரக்கும் இனிப்புநீரை நம்பி வாழ்ந்தன. அதனால் 2016இல் அங்கே ராணிகளைத் தேடி அலையாமல், அந்தப் பூச்சிகளை அழிக்கும் நுண்குளவிகளை மலேசியாவிலிருந்து கொண்டுவந்து விட்டனர்.