வளரிளம் பருவ மனச்சோர்வு: உளவியல், சமூகக் காரணிகள்

வளரிளம் பருவ மனச்சோர்வு என்பது ஏறத்தாழ 10 முதல் 19 வயதுக்குள் தோன்றும் மனநலக் கோளாறு. இரண்டு வாரங்களுக்குக் குறையாமல் நீடிக்கும் துயரம், பிடித்தவற்றிலும் நாட்டமின்மை, தூக்கத்திலும் பசியிலும் மாற்றம், களைப்பு, கவனக் குலைவு, தான் எதற்கும் உதவாதவர் என்ற நினைப்பு, சாவைப் பற்றிய எண்ணம் ஆகியவை இதன் முக்கிய அறிகுறிகள். பெரியவர்களிடம் துயரமாகத் தெரிவது பிள்ளைகளிடம் எரிச்சலாக வெளிப்படலாம். அதனால் வீட்டில் இது நோயாக அல்லாமல், ‘எதைக் கேட்டாலும் எரிஞ்சு விழறான்’, ‘படிப்புல அக்கறையே இல்ல’ என்ற புகாராகத்தான் முதலில் பேசப்படுகிறது. தீராத தலைவலிக்கும் வயிற்றுவலிக்கும் மருத்துவரிடம் போய், உடலில் ஒன்றுமில்லை என்று திரும்பி வரும் பிள்ளைகளும் உண்டு.

20ஆம் நூற்றாண்டின் நடுப்பகுதி வரை உளப்பகுப்பாய்வு மரபினர் பலர், மனச்சாட்சி முழுமையாக உருப்பெறாத வயதில் மனச்சோர்வு வர இயலாது என்றே கருதினர். அந்தக் கருத்து இன்று கைவிடப்பட்டுவிட்டது. 10 முதல் 19 வயதுள்ளவர்களில் ஏழு பேரில் ஒருவருக்கு ஏதாவதொரு மனநலக் கோளாறு இருப்பதாக உலக சுகாதார நிறுவனம் மதிப்பிடுகிறது. பெங்களூரு நிம்ஹான்ஸ் மனநல நிறுவனம் நடத்திய 2015–16 தேசிய மனநல ஆய்வில், 13 முதல் 17 வயதினரிடையே இந்த அளவு 7.3 விழுக்காடாக இருந்தது; பெருநகரங்களில் அதைவிடக் கூடுதல்.

மரபணுவுக்கும் பருவமடைதலின் உடல் மாற்றங்களுக்கும் இதில் பங்குண்டு. ஆயினும் அவை எளிதில் பாதிக்கப்படும் தன்மையைத்தான் தருகின்றன. அந்தத் தன்மை நோயாக மாறுவது பெரும்பாலும் வாழ்க்கை நிகழ்வுகளாலும், அவற்றைப் பிள்ளை எப்படிப் பொருள்கொள்கிறது என்பதாலும்தான். அமெரிக்க மனநல மருத்துவர் ஆரன் பெக், மனச்சோர்வு உள்ளவர்கள் தம்மைப் பற்றியும் உலகத்தைப் பற்றியும் எதிர்காலத்தைப் பற்றியும் ஒருசேர இருண்ட பார்வை கொண்டிருப்பதைக் காட்டினார். என்ன செய்தாலும் பயனில்லை என்று அனுபவத்தால் பழகிப்போவதை உளவியலாளர் மார்ட்டின் செலிக்மன் 1960களில் ‘கற்றுக்கொண்ட கையறுநிலை’ என்று விளக்கினார். அந்தக் கருத்தை அவரும் லின் ஆப்ரம்சனும் ஜான் டீஸ்டேலும் 1978இல் திருத்தி, தோல்விக்கு ஒருவர் கற்பிக்கும் காரணத்தையும் சேர்த்து விரித்தனர். ‘இந்தத் தடவை சரியாப் படிக்கல’ என்று நினைக்கும் மாணவர் அடுத்த தேர்வுக்குத் தயாராகிறார். ‘எனக்கு மூளையே கிடையாது, இனி எதுவும் வராது’ என்று நினைப்பவர் புத்தகத்தை மூடிவிடுகிறார். ஒரே மதிப்பெண்ணுக்கு இருவர் இப்படி வெவ்வேறு காரணம் கற்பித்துக்கொள்கின்றனர். இரண்டாவது விளக்கம் எப்போதும் பிள்ளைக்குத் தானாகத் தோன்றுவதில்லை. யாரோ பலமுறை சொன்னதை அது தனக்குள் திரும்பச் சொல்லிக்கொள்வதும் உண்டு.

நேர்ந்ததை மனத்தில் ஓயாமல் அசைபோடும் பழக்கம் மனச்சோர்வை நீட்டித்து ஆழப்படுத்துகிறது என்பது சூசன் நோலன்-ஹெக்செமாவின் ஆய்வு முடிவு. பருவமடைவதற்கு முன் சிறுவர், சிறுமியர் இருபாலாரிடமும் ஏறத்தாழ ஒரே அளவில் காணப்படும் மனச்சோர்வு, அதன்பின் பெண்களிடம் இருமடங்காகிறது. இதற்கு அவர் சொன்ன காரணங்களில் இந்தப் பழக்கமும் ஒன்று. ஆனால் பெண்பிள்ளையின் மனத்தை மட்டும் ஆராய்வது நியாயமாகாது. உருவத்தைப் பற்றிய கேலி, பாலியல் சீண்டல், வயதுக்கு வந்ததும் விளையாட்டும் வெளியே போவதும் நின்றுபோவது ஆகியவை அவள் தேர்ந்துகொண்டவை அல்ல.

குடும்பக் காரணிகளில் வலுவானது தாய் அல்லது தந்தைக்கு மனச்சோர்வு இருப்பது. மரபுவழியும் வளர்ப்புச் சூழலும் அதில் பின்னிக் கிடக்கின்றன. பெற்றோர் சண்டை, அடி, ஓயாத குறைகூறல், பிரிவு, கடன், குடிப்பழக்கம் ஆகியவை அடுத்து வருவன. உளவியலாளர் கான்ஸ்டன்ஸ் ஹாமன் 1991இல் விவரித்த ஒரு சுழற்சி இங்கே அதிகக் கவனம் பெற வேண்டும். மனச்சோர்வு நெருக்கடியின் விளைவாக மட்டும் இருப்பதில்லை. புதிய நெருக்கடிகளையும் அது உண்டாக்குகிறது. எரிந்து விழும் பிள்ளையைத் தகப்பன் திட்டுகிறார், அது அறைக்குள் ஒடுங்குகிறது, பள்ளிக்குப் போகாமல் பாடம் விட்டுப்போகிறது, நண்பர்கள் விலகுகிறார்கள், திட்டு இன்னும் கூடுகிறது. இதை நோய் என்று ஒருவர் அடையாளம் கண்டுகொள்ளும்வரை, வீட்டில் உள்ள எல்லோரும் நல்லெண்ணத்துடனேயே இந்தச் சுழலை வேகப்படுத்துகின்றனர்.

பள்ளியில் கேலியும் ஒதுக்கலும் நன்கு நிறுவப்பட்ட இடர்க் காரணிகள். தமிழ்நாட்டில் அவற்றோடு சாதியும் சேர்ந்துகொள்கிறது. 2023இல் நாங்குநேரியில் மாணவர் ஒருவர் மீது சக மாணவர்கள் நடத்திய சாதி வன்முறைக்குப் பின் நியமிக்கப்பட்ட ஓய்வுபெற்ற நீதிபதி கே. சந்துருவின் ஒருநபர் குழு, மாணவரிடையே நிலவும் சாதிப் பாகுபாட்டைப் பற்றி 2024இல் அரசுக்கு அறிக்கை அளித்தது. தேர்வு அழுத்தம் இன்னொன்று. பொதுத்தேர்வில் மாநில அளவில் முதலிடம் பெற்றவர்களை அறிவிக்கும் வழக்கத்தைத் தமிழ்நாடு 2017இல் நிறுத்தியது. தவறியவர்கள் ஓராண்டு காத்திராமல் விரைவிலேயே மீண்டும் எழுதத் துணைத்தேர்வு உள்ளது. மருந்தோ ஆலோசனையோ தேவைப்படாத இத்தகைய நடவடிக்கைகளும் மனநலப் பணிகளே; அவற்றுக்கு உரிய மதிப்பு கிடைப்பதில்லை. சமூக ஊடகத்தின் பங்கு குறித்து ஆய்வாளர்களிடையே இன்னும் ஒத்த கருத்து இல்லை. தூக்கத்தைப் பறிப்பதும் இணையவழி இழிவுபடுத்தலும் தீங்கானவை என்பதில் ஐயம் குறைவு.

சிகிச்சை பலன் தருகிறது. அமெரிக்காவில் 12 முதல் 17 வயதுள்ள 439 பேரிடம் நடந்து 2004இல் வெளியான ஆய்வில், ஃபுளூவோக்செட்டின் மருந்தும் அறிவாற்றல் நடத்தைச் சிகிச்சையும் சேர்த்துப் பெற்றவர்களில் 71 விழுக்காட்டினர் 12 வாரங்களில் தேறினர். வெற்று மாத்திரை பெற்றவர்களில் தேறியவர்கள் 35 விழுக்காட்டினரே. இந்தியாவில் 18 வயது நிரம்பாதவரின் சிகிச்சைக்குப் பொதுவாகப் பெற்றோர் அல்லது பாதுகாவலரின் ஒப்புதல் வேண்டும் என்பதால், சில பிள்ளைகளுக்கு அவர்களை வருத்தும் வீடே சிகிச்சைக்குப் போகும் வழியாகவும் இருக்கிறது. மத்திய அரசு 2022இல் தொடங்கிய டெலி-மானஸ் மனநல உதவிச் சேவையை 14416 என்ற எண்ணில் இரவு பகல் எந்நேரமும் பிள்ளைகள் தாங்களே இலவசமாக அழைத்துத் தமிழில் பேசலாம். தமிழ்நாட்டில் 104 என்ற மருத்துவ உதவி எண்ணும், 1986இல் சென்னையில் மனநல மருத்துவர் லட்சுமி விஜயகுமார் நிறுவிய சிநேகா தற்கொலைத் தடுப்பு அமைப்பும் உதவிக்கு உள்ளன.