யாளியைப் படைத்தவர்கள்

என் மகள் படிக்கும் பள்ளியில் ஓவிய வகுப்புக்கு ஒரு வேலை கொடுத்திருந்தார்கள். உலகில் இல்லாத ஒரு விலங்கைக் கற்பனை செய்து, அதைக் கணினியில் சிற்பமாக வடித்துக் கொண்டுவர வேண்டும். வகுப்பில் பாதிப் பேர் டிராகனைப் பிடித்துக்கொண்டார்கள். புவனேஸ்வரத்திலேயே பிறந்து வளர்ந்த என் மகளுக்கு, போன விடுமுறையில் மதுரையில் பார்த்த யாளி ஞாபகம் வந்திருக்கிறது. ஊரிலிருந்து தொலைபேசியில் பேசிய அவளுடைய பெரியப்பாவிடம் ஆசையாகச் சொன்னாள். அவரோ, "யாளியை இல்லாத மிருகம்னு யாரும்மா சொன்னா? டைனோசருக்கு முன்னாடியே நம்ம நாட்டுல இருந்துச்சு. உங்க டீச்சர்கிட்ட போய்ச் சொல்லு" என்று சொல்லிவிட்டார். பிள்ளை குழம்பிப் போனாள். "அப்பா, நிஜமா இருந்துச்சுன்னா கற்பனைன்னு கொடுக்க முடியாதே. வேற ஏதாவது செய்யட்டுமா?" என்று என்னிடம் வந்து நின்றாள். அன்று அவளுக்குச் சொன்ன பதிலைத்தான் இங்கே கொஞ்சம் விரித்து எழுதுகிறேன்.

அண்ணன் ஒருவர் மட்டும் இப்படிப் பேசுகிறார் என்றில்லை. நம்மவர் கூடும் இடங்களில் இந்தப் பேச்சை அடிக்கடி கேட்கலாம். கோயிலுக்குக் கோயில் யாளி நிற்கிறதே, கண்ணால் பார்க்காமலா செதுக்கியிருப்பார்கள் என்பது இவர்கள் வாதம். மேலோட்டமாகப் பார்த்தால் நம் பழம்பெருமையைப் பேசுவது போலத்தான் இருக்கும். எனக்கென்னவோ அது நம் சிற்பிகளைக் குறைத்துப் பேசுவதாகவே படுகிறது.

முதலில் இலக்கியச் சான்றைப் பார்ப்போம். சங்க நூல்களில் 'ஆளி' என்ற விலங்கு வருகிறது, மறுப்பதற்கில்லை. பொருநராற்றுப்படையில் முடத்தாமக் கண்ணியார், இளம் வயதிலேயே பகைவரை வென்ற கரிகாலனை, பால்குடி மறவாத பருவத்தில் தன் முதல் வேட்டையிலேயே யானையைக் கொன்ற ஆளிக் குட்டிக்கு ஒப்பிடுகிறார். அகநானூற்றிலும் யானையின் தந்தத்தைப் பறிக்கும் ஆளி உண்டு. ஆனால் இங்கெல்லாம் பேசப்படுவது அதன் வலிமை. சிங்க உடலில் துதிக்கை தொங்கியது என்று இவ்விடங்களில் ஒரு சொல்லும் கிடையாது. யானையை அடக்கவல்லது ஒன்று உண்டு என்ற எண்ணத்தைப் புலவர் கொடுத்தார். அதற்கு உருவம் கொடுத்தவன் பின்னால் வந்த கல்தச்சன்.

டைனோசர் கணக்கை ஒரு வரியில் முடித்துவிடலாம். அவை அழிந்து ஏறத்தாழ 6.6 கோடி ஆண்டுகள் ஆகின்றன. நம்மைப் போன்ற மனிதர் தோன்றி 3 லட்சம் ஆண்டுகள்தாம். அதற்கும் முந்திய மிருகத்தை எந்தச் சிற்பி எங்கே போய்ப் பார்த்துவிட்டு வந்தான்?

இன்னொன்றும் சொல்ல வேண்டும். யாளி இருக்கட்டும், பல்லவச் சிற்பி சிங்கத்தையே பார்த்திருப்பானா என்பது சந்தேகம். சிங்கங்கள் வட இந்தியாவிலும் மேற்கு இந்தியாவிலும் திரிந்தவை. இன்று குஜராத்தில் மட்டுமே எஞ்சியிருக்கின்றன. நருமதைக்குத் தெற்கே அவை வாழ்ந்ததற்கு உறுதியான சான்று இல்லை. ஆக, மாமல்லபுரத்துத் தூண்களின் அடியில் உட்கார்ந்திருக்கும் சிங்கமே கதை கேட்டும், அமராவதி போன்ற இடங்களின் பழைய சிற்பங்களைப் பார்த்தும் உருவானதாகத்தான் இருக்க வேண்டும். அங்கே சாளுவன்குப்பத்தில் யாளித் தலைகள் சூழ்ந்த ஒரு பாறை மண்டபம் இருக்கிறது. அதற்கு ஊரார் வைத்த பெயர் புலிக்குகை! பார்த்துப் பழகிய புலியின் பெயரை, பார்க்காத மிருகத்துக்கு வைத்துவிட்டார்கள்.

பிறகு அந்த உருவம் வளர்ந்த கதையைப் பாருங்கள். மாமல்லபுரத்தில் உட்கார்ந்திருந்த சிங்கம், கி.பி. 700ஐ ஒட்டி இராஜசிம்மன் எழுப்பிய காஞ்சி கைலாசநாதர் கோயிலில் பின்னங்கால் ஊன்றி எழுந்து நிற்கிறது. 1010இல் முடிந்த தஞ்சைப் பெரிய கோயிலில் அடித்தளத்தின் மேல் யாளி வரியாக வரிசை கட்டி ஓடுகிறது. விஜயநகர, நாயக்கர் காலத்தில் தூணையே தன்னுடையதாக்கிக்கொண்டு ஆளுயரத்துக்கு மேல் பாய்கிறது. துதிக்கை வருகிறது, விழி பிதுங்குகிறது, பிடரி சுருள் சுருளாகிறது. வேலூர் ஜலகண்டேசுவரர் கோயில் கல்யாண மண்டபத்திலும், மதுரையில் திருமலை நாயக்கர் (1623–1659) கட்டிய புதுமண்டபத்திலும் அதன் முழு வளர்ச்சியைக் காணலாம். காட்டு மிருகம் எதுவும் எண்ணூறு, தொள்ளாயிரம் ஆண்டுகளில் இப்படி மாறிவிடாது. மாறியது தச்சர்களின் கைவண்ணம்.

எல்லாவற்றுக்கும் மேலான சான்று தமிழ்நாட்டுக்கு வெளியே இருக்கிறது. மாளவத்தை ஆண்ட போஜன் பெயரால் வழங்கும் 'சமராங்கண சூத்திரதாரம்' 11ஆம் நூற்றாண்டுச் சிற்ப, கட்டட நூல். வடமொழியில் வியாளம் எனப்படும் நம் யாளிக்கு அது பதினாறு வகை சொல்கிறது. மான், கழுகு, கிளி, சேவல், சிங்கம், புலி, ஓநாய், ஆடு, காண்டாமிருகம், யானை, பன்றி, குதிரை, எருமை, நாய், குரங்கு, கழுதை என்று பட்டியல் போகிறது. கிளி யாளியும் கழுதை யாளியும் காட்டில் மேய்ந்தன என்று அண்ணனே சொல்லமாட்டார். இது கண்டதை எழுதிய குறிப்பாகத் தெரியவில்லை. ஓர் உடல், பதினாறு தலை. வேண்டியதைப் பொருத்திக்கொள் என்று சிற்பிக்குச் சொல்லும் செய்முறை.

இங்கே நம் வீட்டுக்குப் பக்கத்திலேயே ராஜாராணி கோயிலில் இந்த வியாளங்களைப் பார்க்கலாம். கோணார்க்கில் நாட்டிய மண்டப வாசலில் யானையின் மேல் சிங்கம், யானைக்கு அடியில் மனிதன் என்று இரண்டு பெரிய சிலைகள். ஒடியா மக்கள் கஜசிம்மம் என்பார்கள். யாளி தமிழனுக்கு மட்டும் சொந்தம் என்று இந்த ஊரில் உட்கார்ந்துகொண்டு சொன்னால் யாரும் ஒப்பமாட்டார்கள், ஒப்பவும் தேவையில்லை. ஒரே கற்பனையை ஒவ்வொரு நாட்டுத் தச்சரும் தம் கல்லுக்கும் கட்டடத்துக்கும் தக்கபடி வளர்த்திருக்கிறார்கள்.

சரி, கணினிக்கு வருவோம். 1975இல் அமெரிக்காவின் யூட்டா பல்கலைக்கழகத்தில் மார்ட்டின் நியூவெல் ஒரு தேநீர்க் கெண்டியை எண்களால் வடித்தது இந்தத் துறையில் பெயர் பெற்ற தொடக்கங்களில் ஒன்று. களிமண்ணைப் பிசைவது போலவே திரையில் பிசைய வழி செய்த ஸீபிரஷ் என்ற மென்பொருள் 1999இல் வெளியே தெரிய வந்தது. என் மகள் பயன்படுத்தியது பிளெண்டர். அதை நடத்திய நிறுவனம் மூடப்பட்ட பின், 2002இல் பொதுமக்கள் ஏழு வாரத்தில் ஒரு லட்சம் யூரோ திரட்டிக் கொடுத்து, எல்லோருக்கும் இலவசமாக்கிய மென்பொருள் அது. காசு இல்லாமல் பிள்ளைகள் கற்றுக்கொள்ள முடிகிறதே, பெரிய விஷயந்தான்.

பக்கத்தில் உட்கார்ந்து பார்த்தேன். முதலில் ஒரு கனசதுரம், ஆறு முகம். ஒவ்வொரு முகத்தையும் நான்காகப் பிரித்தால் 24, மறுபடி பிரித்தால் 96. எட்டாம் முறை 3,93,216 சில்லுகள் ஆகிவிடுகின்றன. அந்த வலையை இழுத்தால் மூக்கு, அமுக்கினால் கண்குழி. இடப்பக்கம் செய்தால் வலப்பக்கம் தானே வருகிறது. பிசகினால் ஒரு விசையை அழுத்தி முன்பு இருந்தபடி ஆக்கிக்கொள்ளலாம். கல்லில் அதெல்லாம் நடக்குமா? உளி ஒரு முறை தவறினால் போச்சு.

ஆனால் அந்தச் சுலபமே ஒரு சிக்கலைக் கொண்டுவந்தது. திரையில் யாளிக்கு எடையே இல்லை. எப்படி வேண்டுமானாலும் நிற்கும். முப்பரிமாண அச்சுப்பொறியில் பிளாஸ்டிக்கில் எடுத்தபோது முன்பக்கமாகக் குப்புற விழுந்தது. நீட்டிக்கொண்டிருந்த துதிக்கைக்கு அந்தப் பொறி தானாகவே கீழிருந்து மெல்லிய முட்டுகளைக் கொடுத்திருந்தது. அவற்றைப் பிய்த்தபோது துதிக்கையும் கையோடு வந்துவிட்டது. மகள் மதுரையில் எடுத்த படங்களைத் திரும்ப எடுத்து வைத்துக்கொண்டு வெகுநேரம் பார்த்தாள். "அப்பா, கீழ ஒரு குட்டி யானை இருக்கு பாருங்க. யாளி தும்பிக்கையை அதுதான் புடிச்சுக்கிட்டு நிக்குது. அதுவும் முட்டுதானே?" என்றாள்.

எத்தனை தடவை அந்த மண்டபத்தைக் கடந்து போயிருப்பேன், எனக்குத் தோன்றவில்லை. ஒல்லியாக நீளும் கல் ஒடியாமல் இருக்கக் கீழே ஒரு பிடிப்பு வேண்டும். வெறும் கல்லை விட்டுவைத்தால் அசிங்கமாக இருக்கும். அதையே ஒரு யானையாகச் செதுக்கிவிட்டால் தாங்கலும் ஆயிற்று, யானையை அடக்கும் யாளி என்ற பழைய கதையும் ஆயிற்று. நேரில் பார்த்து வடித்தவனுக்கு இந்த யோசனை எதற்கு?

அந்த யானையைச் சேர்த்தபின் அவளுடைய யாளி நின்றது. எந்தெந்த விலங்கிலிருந்து எதை எடுத்தோம் என்று ஒரு தாளில் எழுதிக் கொடுக்க வேண்டுமாம். சிங்கம், யானை, ஆட்டுக்கிடா, பாம்பு என்று எழுதினாள். பார்த்த ஆசிரியை, "இது எங்கள் கஜசிம்மமாயிற்றே" என்று சிரித்தாராம்.

ஞாயிற்றுக்கிழமை வீடியோவில் அண்ணனுக்குக் காட்டினோம். நிஜமா கற்பனையா என்ற பேச்சையே அவர் எடுக்கவில்லை. கண்ணாடியை மாட்டிக்கொண்டு உற்றுப் பார்த்துவிட்டு, "வாய்க்குள்ள உருண்டை எங்கம்மா?" என்றார். தாரமங்கலத்தில் அவர் விரலை விட்டு உருட்டிப் பார்த்திருக்கிறார். உள்ளே உருளும், வெளியே வராது. ஒரே கல்லில் பல்லிடுக்கு வழியாக உளியை விட்டுச் சுற்றிலும் குடைந்து விடுவித்த உருண்டை. திரையில் என்றால் ஒரு கோளத்தை உள்ளே கொண்டுபோய் வைத்தால் முடிந்தது. மகள் அப்படிச் செய்ய ஒப்பவில்லை. பல்லிடுக்கு வழியாகவே குடைந்து பார்க்கிறேன் என்று மூன்று நாளாகக் கணினி முன்னால் உட்கார்ந்திருக்கிறாள்.