பென் டிரைவ் செருகியதும் தானாகத் திறக்கிறதா? முதல்ல இந்த செட்டிங்கை மாத்துங்க!

காலேஜ் ப்ராஜெக்ட் சீசனில் சேலம் புது பஸ் ஸ்டாண்ட் பக்கம் இருக்கும் ஏதாவது ஒரு ஜெராக்ஸ் கடைக்குப் போய்ப் பாருங்கள். கவுன்டரில் கூட்டம் நிற்கும், எல்லோர் கையிலும் ஒரு பென் டிரைவ். கடைக்காரர் வாங்குவார், செருகுவார், 'டிங்' என்று சத்தம் வரும், தானாக ஒரு விண்டோ திறக்கும். பிரின்ட் முடிந்ததும் டிரைவைப் பிடுங்கிக் கொடுத்துவிட்டு, அதே ஓட்டையில் அடுத்தவருடையது. உங்களுக்கு முன்னால் அந்த ஓட்டையில் யாருடைய டிரைவெல்லாம் போய் வந்தது என்று யாருக்குத் தெரியும்?

டிப்ளமோ படித்த காலத்தில் எனக்கு இதில் சூடு பட்டிருக்கிறது. ஒரு கடையில் நாலு பக்கம் பிரின்ட் எடுத்துவிட்டு வந்து பார்த்தால், டிரைவில் இருந்த ஃபோல்டர் எல்லாம் ஷார்ட்கட்டாக மாறியிருந்தது. ஒரு வாரம் அலைந்து எடுத்த வீடியோக்கள் அதற்குள்தான் இருந்தன. பதற்றத்தில் அந்த ஷார்ட்கட்டையே நாலு தடவை டபுள் கிளிக் செய்தேன். அதாவது, வைரஸை நானே என் லேப்டாப்புக்குள் கூட்டி வந்தேன். (வீடியோ திரும்பக் கிடைத்தது. எப்படி என்பதைக் கீழே சொல்கிறேன்.)

டிரைவைச் செருகியதும் நடப்பது ஒரே வேலை என்று நினைக்கிறோம். உண்மையில் அது மூன்று. முதலாவது மவுண்ட்: சிஸ்டம் டிரைவைப் படித்து, 'ஈ', 'எஃப்' என்று ஓர் எழுத்து கொடுத்து உங்கள் முன் வைப்பது. இரண்டாவது ஆட்டோபிளே: 'திறக்கட்டுமா, போட்டோவை இம்போர்ட் செய்யட்டுமா' என்று கேட்பது, அல்லது கேட்காமலே திறப்பது. மூன்றாவது ஆட்டோரன்: டிரைவுக்குள் இருக்கும் புரோகிராமைச் சிஸ்டமே ஓடவிடுவது.

மூன்றில் பெரிய வில்லன் ஆட்டோரன்தான். 2008 கடைசியில் கிளம்பி உலகம் முழுக்கப் பரவிய கான்ஃபிக்கர் வைரஸ் பயன்படுத்திக்கொண்ட வழிகளில் அதுவும் ஒன்று. 2009-ல் வந்த விண்டோஸ் 7-லேயே பென் டிரைவுக்கு ஆட்டோரன் கிடையாது. பழைய எக்ஸ்பி, விஸ்டாவுக்கு 2011 பிப்ரவரியில் அப்டேட் மூலம் நிறுத்தினார்கள்.

அப்புறம் ஏன் ஷார்ட்கட் வைரஸ் இன்னும் சாகவில்லை? சிஸ்டம் செய்யாததை நாம் கிளிக் செய்து செய்துகொடுக்கிறோம், அதான். தானாகத் திறக்கும் விண்டோவில் 'ப்ராஜெக்ட்' என்ற பெயரோடு ஒரு ஐகான் தெரிந்தால், கை சும்மா இருக்காது. அந்த ஐகானின் மூலையில் சின்ன அம்புக்குறி இருந்தால் அது ஃபோல்டர் இல்லை, ஷார்ட்கட். தொடாதீர்கள்.

கிளிக்கே தேவைப்படாத கதையும் உண்டு. 2010-ல் பிடிபட்ட ஸ்டக்ஸ்நெட், இரானின் யுரேனியம் செறிவூட்டும் ஆலையைக் குறிவைத்தது. பென் டிரைவில் இருந்த ஷார்ட்கட்டின் ஐகான் திரையில் தெரிந்தாலே அதற்குப் போதும். அந்த ஓட்டையை அடைக்க மைக்ரோசாஃப்ட் அதே ஆண்டு ஆகஸ்டில் அப்டேட் வெளியிட்டது. நம்மூர் கடைக்கு ஸ்டக்ஸ்நெட் வரப்போவதில்லை. ஆனால் 'சும்மா திறந்துதானே பார்த்தேன்' என்பது எப்போதும் சும்மா இல்லை என்பதற்கு அதுதான் சாட்சி.

சரி, செட்டிங்குக்கு வருவோம். விண்டோஸ் 11-ல் செட்டிங்ஸ், புளூடூத் அண்ட் டிவைசஸ், ஆட்டோபிளே என்று போங்கள். விண்டோஸ் 10 என்றால் டிவைசஸ் என்ற பகுதிக்குள் இருக்கும். மேலே இருக்கும் சுவிட்சை ஆஃப் செய்யுங்கள். அதற்குக் கீழே ரிமூவபிள் டிரைவ், மெமரி கார்டு இரண்டுக்கும் 'டேக் நோ ஆக்‌ஷன்' வையுங்கள். அரை நிமிஷ வேலை. பெரும்பாலானவர்களுக்கு இதுவே போதும்.

மவுண்ட் ஆவதையே நிறுத்த வேண்டும் என்றால் கமாண்ட் பிராம்ப்டை அட்மினிஸ்ட்ரேட்டராகத் திறக்க வேண்டும். போனில் சொல்வது மாதிரி எழுத்துக்கூட்டிச் சொல்கிறேன்: எம், ஓ, யு, என், டி, வி, ஓ, எல், ஒரு ஸ்பேஸ், ஸ்லாஷ், என். என்டர் தட்டினால், புதிதாகச் செருகும் ஹார்டு டிஸ்க்குக்குச் சிஸ்டம் தானாக எழுத்து கொடுக்காது. தேவைப்படும்போது டிஸ்க் மேனேஜ்மென்ட்டில் போய் நீங்களே கொடுக்கலாம். பழையபடி மாற்ற, கடைசி எழுத்து 'என்'னுக்குப் பதில் 'ஈ'. ஒன்று மட்டும் ஞாபகம் இருக்கட்டும்: இது எக்ஸ்டர்னல் ஹார்டு டிஸ்க்குக்கான வழி. பென் டிரைவைத் தடுக்க இதை நம்பாதீர்கள்.

இவ்வளவு மெனக்கெட வேண்டுமா என்று கேட்டால், எல்லோருக்கும் வேண்டாம். ஆனால் ராசிபுரத்திலோ நாமக்கல்லிலோ கல்யாண போட்டோ ஸ்டுடியோ வைத்திருப்பவர் என்றால் கட்டாயம் யோசிக்க வேண்டும். ஒரு முகூர்த்தத்தின் மொத்த போட்டோவும் ஒரே மெமரி கார்டில் இருக்கும். தவறுதலாக டெலிட் ஆகிவிட்டால், மீட்கும்வரை அந்த கார்டில் ஒரு சின்ன ஃபைல்கூட எழுதக் கூடாது. ஆனால் விண்டோஸ் ஒரு டிரைவை மவுண்ட் செய்யும்போது 'சிஸ்டம் வால்யூம் இன்ஃபர்மேஷன்' என்ற மறைவான ஃபோல்டரைத் தானே உருவாக்கி வைக்கும். நம்மைக் கேட்காது. அதனால் கார்டைக் கழற்றி ஓரமாக வைத்துவிட்டு, டேட்டா ரெகவரி தெரிந்தவரிடம் அப்படியே கொடுப்பதுதான் நல்லது.

இன்னொரு ஆபத்து, ஃபைல் சிஸ்டம் கெட்டுப்போன கார்டைச் செருகினால் வரும் 'ஃபார்மட் செய்யவா?' என்ற கேள்வி. ஓகே பட்டன் கைக்கு ரொம்பப் பக்கத்தில் இருக்கும். ஃபார்மட் மட்டும் கொடுத்துடாதீங்க! கேன்சல் தட்டிவிட்டு கார்டை வெளியே எடுங்கள். இளம்பிள்ளை பக்கம் ஜக்கார்டு தறிக்குச் சேலை டிசைனைப் பென் டிரைவில் கொண்டுபோகிறவர்களுக்கும் இதேதான். டிசைன் டிரைவைத் தனியாக வைத்துக்கொள்ளுங்கள். சினிமா பார்க்கும் டிரைவும் அதுவும் ஒன்றாக இருக்க வேண்டாம்.

2011-ல் தமிழக அரசு கொடுக்க ஆரம்பித்த இலவச லேப்டாப் ஞாபகம் இருக்கிறதா? அதில் சி-டாக் உருவாக்கிய பாஸ் லினக்ஸும் இருந்தது. ஆன் செய்ததும் அதைத் தாண்டி விண்டோஸுக்குள் ஓடியவர்கள்தான் அதிகம், நான் உள்பட. விண்டோஸ் வைரஸ் அதில் ஓடாது என்பதற்காகவாவது திறந்து பார்த்திருக்கலாம். லினக்ஸில் மவுண்ட்டை நிறுத்துவது இன்னும் சுலபம். சின்னமன் டெஸ்க்டாப் என்றால் ஃபைல் மேனேஜரில் எடிட், பிரிஃபரன்சஸ், பிஹேவியர் போனால், ரிமூவபிள் மீடியாவைத் தானாக மவுண்ட் செய்யும் டிக் இருக்கும். அதை எடுத்துவிடுங்கள். உபுன்டு மாதிரி க்னோம் என்றால் டிகான்ஃப் எடிட்டரை இன்ஸ்டால் செய்து, ஆர்க், க்னோம், டெஸ்க்டாப், மீடியா ஹேண்ட்லிங் என்று உள்ளே போய் 'ஆட்டோமவுண்ட்'டை ஆஃப் செய்யலாம்.

இப்போது அந்த வீடியோ எப்படிக் கிடைத்தது என்பதற்கு வருகிறேன். ஷார்ட்கட் வைரஸ் பெரும்பாலும் உங்கள் ஃபைலை அழிப்பதில்லை, மறைத்து வைக்கிறது. விண்டோஸ் மதிக்கும் அந்த 'மறைவு' குறியை ஆண்ட்ராய்டு மதிப்பதில்லை. டிரைவை ஓடிஜி கேபிளில் போனோடு இணைத்து ஃபைல் மேனேஜரைத் திறந்தால், பெயரே இல்லாத ஒரு ஃபோல்டரோ பழைய ஃபைல்களோ அப்படியே தெரிய வாய்ப்பு அதிகம். விண்டோஸ் வைரஸ் ஆண்ட்ராய்டில் ஓடாது. வேண்டியதைப் போனுக்கு காப்பி செய்துகொண்டு, அதன் பிறகு டிரைவை ஃபார்மட் செய்யுங்கள். காப்பி செய்யும்போது போட்டோ, வீடியோ, பி.டி.எஃப் மட்டும் எடுங்கள். ஷார்ட்கட்டையும் சேர்த்து எடுத்து வந்து லேப்டாப்பில் போட்டால் மறுபடி முதலில் இருந்துதான்.

அடுத்த தடவை ஜெராக்ஸ் கடைக்குப் போகும்போது, பிரின்ட் எடுக்க வேண்டிய பி.டி.எஃப்-ஐ மட்டும் ஒரு காலி டிரைவில் போட்டுக் கொண்டுபோங்கள். இல்லையென்றால் கடைக்காரருக்கு மெயிலோ வாட்ஸ்அப்போ அனுப்புங்கள். நிறைய கடைகளில் நம்பரைச் சுவரிலேயே ஒட்டி வைத்திருக்கிறார்கள்.