காட்டுக் கிழங்கும் கருத்தடை மாத்திரையும்

தெற்கு மெக்சிகோவின் வெராக்ரூஸ், ஓஹாகா மாநிலக் காடுகளில் பார்பாஸ்கோ என்றொரு கொடி மரங்களைப் பற்றி ஏறும். நம் காய்வள்ளிக்கு உறவுதான், ஆனால் வாயில் வைக்க முடியாது. கிழங்கை நசுக்கி ஓடையில் கலந்தால் மீன்கள் மயங்கி மிதக்கும். ஊர்க்காரர்களுக்கு அந்த அளவில் அது உபயோகப்பட்டது. பின்னாளில் இதைத் தோண்டி விற்றே ஆயிரக்கணக்கான குடும்பங்கள் பிழைத்தன. கருத்தடை மாத்திரையின் கதையைச் சொல்பவர்கள் விஞ்ஞானிகளின் பெயர்களை வரிசையாகச் சொல்வார்கள். கிழங்கு தோண்டியவர்களிடம் வருவதற்குள் கதை முடிந்துவிடும்.

கதையைத் தொடங்கிவைத்தவர் அமெரிக்க வேதியியலாளர் ரஸல் மார்க்கர். கருச்சிதைவு அபாயத்துக்கும் மாதவிடாய்க் கோளாறுகளுக்கும் அப்போது புரொஜெஸ்டிரோன் என்ற ஹார்மோனைக் கொடுத்துவந்தார்கள். கிராம் 80 டாலர் வரை விலை. டயோஸ்ஜெனின் என்ற தாவரப் பொருளிலிருந்து அதைத் தயாரிக்க மார்க்கர் வழி கண்டுபிடித்திருந்தார். கைவசம் இல்லாதது, டயோஸ்ஜெனின் மிகுந்த செடி. ஒரு தாவரவியல் புத்தகத்தில் மெக்சிகோக் கிழங்கொன்றின் படத்தைப் பார்த்தவர், 1942இல் ஸ்பானிய மொழி தெரியாமலே வெராக்ரூஸுக்குக் கிளம்பிவிட்டார். ஒரு கடைக்காரர் இரண்டு கிழங்குகளைத் தேடித் தந்தார். வழியில் அவை களவுபோக, போலீஸ்காரருக்குப் பணம் கொடுத்து ஒன்றை மட்டும் மீட்டதாக மார்க்கரே பிறகு சொல்லியிருக்கிறார்.

அமெரிக்க மருந்துக் கம்பெனிகள் ஆர்வம் காட்டவில்லை. மெக்சிகோ நகரத் தொலைபேசிப் புத்தகத்தைப் புரட்டி ஒரு சிறிய ஹார்மோன் கம்பெனியைப் பிடித்தார் மார்க்கர். 1944இல் சின்டெக்ஸ் பிறந்தது. அடுத்த ஆண்டே கூட்டாளிகளோடு சண்டையிட்டுக்கொண்டு அவர் வெளியேறியது தனிக்கதை. முதல் கிழங்கைவிடப் பல மடங்கு டயோஸ்ஜெனின் உள்ள பார்பாஸ்கோ பிறகு தொழிலைப் பிடித்துக்கொண்டது.

வேலை கடுமையானது. கொடியைப் பார்த்துக் கிழங்கு இருக்கும் இடத்தைக் கண்டுகொண்டு, வேர்களுக்கிடையே குழி பறித்து, மூட்டையை முதுகில் சுமந்து இறங்க வேண்டும். இடைத்தரகர் எடை போட்டு வாங்குவார். கிழங்கை நறுக்கிப் புளிக்கவைத்து, வெயிலில் காயப்போட்டு, மாவாக்கித் தொழிற்சாலைக்கு அனுப்புவார்கள். எதற்காக என்று தோண்டியவர்களுக்கு யாரும் சொல்லவில்லை. கரைத்தால் நுரைக்கும் கிழங்கு என்பதால் சோப்புக்குப் போகிறது என்று நினைத்தவர்களும் உண்டு.

புரொஜெஸ்டிரோனை விழுங்கினால் பலன் மிகக் குறைவு, ஊசிதான் போட வேண்டும். வாய்வழியே வேலை செய்யும் ஒன்றை சின்டெக்ஸில் தேடினார்கள். 1951 அக்டோபர் 15 அன்று, கார்ல் ஜெராஸி குழுவிலிருந்த லூயிஸ் மிராமோன்டெஸ் என்ற மாணவர் நோரெதிஸ்டெரோனைத் தயாரித்து முடித்தார். மாதவிடாய்க் கோளாறுக்கு என்றுதான் நினைத்தார்கள்; கருத்தடை அப்போது திட்டத்திலேயே இல்லை.

அதைத் திட்டமாக்கியது அமெரிக்காவில். மார்கரெட் சாங்கர் தூண்ட, கேத்தரின் மெக்கார்மிக் பணம் கொடுக்க, கிரிகரி பிங்கஸும் ஜான் ராக்கும் ஆய்வு நடத்தினார்கள். நோரெதிஸ்டெரோன் அல்ல, சர்ல் கம்பெனியின் நோரெதினோட்ரெல்தான் அவர்களுடைய மருந்து. 1956 ஏப்ரலில் போர்ட்டோ ரிக்கோவின் ரியோ பியேட்ராஸ் குடியிருப்பில் பெரிய சோதனை தொடங்கியது. இது சோதனை மருந்து என்பதை அந்தப் பெண்களுக்கு முறையாக விளக்கவில்லை. தினம் 10 மில்லிகிராம்; இன்று பார்த்தால் மலைப்பான அளவு. பொறுப்பிலிருந்த டாக்டர் எட்ரிஸ் ரைஸ்-ரே, கர்ப்பம் நன்றாகவே தடுக்கப்படுகிறது, ஆனால் குமட்டல், தலைசுற்றல், தலைவலி என்று 17 சதவீதம் பேர் அவதிப்படுகிறார்கள், பொதுப் பயன்பாட்டுக்கு இது சரிவராது என்று எழுதினார். அவர் பேச்சு எடுபடவில்லை. 1960இல் அமெரிக்க அரசு அந்த மாத்திரைக்குக் கருத்தடை அனுமதி அளித்தது.

மெக்சிகோவிலோ, கருத்தடைப் பொருள்களை விளம்பரப்படுத்த 1970களின் தொடக்கம்வரை தடை இருந்தது. 1975இல் அதிபர் எச்செவெரியா அரசு, கிழங்குக்கு நியாயவிலை கேட்க ப்ரோகிவெமெக்ஸ் என்ற பொதுத்துறை நிறுவனத்தைத் தொடங்கியது. அது காலங்கடந்த முயற்சி. சோயாவிலிருந்தும் இத்தகைய ஸ்டீராய்டு ஹார்மோன்களைத் தயாரிக்கக் கற்றிருந்த பன்னாட்டுக் கம்பெனிகளுக்கு பார்பாஸ்கோவுக்குக் கூடுதல் விலை கொடுக்கும் அவசியம் இல்லை. கொள்முதல் படிப்படியாகக் குறைந்து, தோண்டியவர்கள் மக்காச்சோளத்துக்கும் மாட்டுக்கும் திரும்பினார்கள்.