கைடுக்குக் காசு யார் கொடுக்குறாங்க? இத்தாலி டூரோட கதை

போன வருஷம் அம்மாவைக் கூட்டிக்கிட்டு இத்தாலி போயிட்டு வந்தேன். ரோம், பிளாரன்ஸ், வெனிஸ். எங்க ரெண்டு பேருக்குமே அதுதான் முதல் ஐரோப்பா பயணம். கிளம்புறதுக்கு முன்னாடி ஒரு மாசம் நான் பார்த்த ஒரே வேலை, எந்த கைடட் டூர் எடுக்கலாம்னு தேடினதுதான். கொலோசியத்துக்கு மட்டுமே பக்கம் பக்கமா டூர் காட்டுது. எல்லாத்துக்கும் நாலரை ஸ்டார். நம்ம பழக்கம் விடுமா? ஒரு எக்ஸல் ஷீட் போட்டேன். விலை, நேரம், ரேட்டிங், குரூப்ல எத்தனை பேர்.

அம்மா பின்னாடி நின்னு கொஞ்ச நேரம் பார்த்தாங்க. அப்புறம் ஒரே ஒரு கேள்வி: "இந்த கைடுக்குக் காசு யாருடா குடுக்குறாங்க?"

என் ஷீட்ல அதுக்கு இடமே இல்லை.

அம்மா சும்மா கேட்கலை. சின்ன வயசுல காஞ்சிபுரம் போனப்போ, ஆட்டோக்காரர் ரொம்ப கம்மி ரேட்ல கோயில் எல்லாம் காட்டிட்டு, கடைசியா ஒரு பட்டுப்புடவைக் கடை வாசல்ல நிறுத்தின கதையை இன்னும் சொல்வாங்க. ஊருக்குத் திரும்பி வந்த பிறகு இந்தக் கேள்வியைக் கையில வச்சுக்கிட்டு இத்தாலி டூர்களோட வரலாற்றைப் படிச்சேன். கிட்டத்தட்ட 300 வருஷமா அங்கேயும் இதே கேள்விதான் ஓடிக்கிட்டு இருக்கு.

18-ம் நூற்றாண்டுக்குப் போவோம். பிரிட்டனோட பணக்கார வீட்டுப் பசங்க படிப்பு முடிஞ்சதும் 'கிராண்ட் டூர்' போவாங்க. மாசக்கணக்குல, சில பேர் வருஷக்கணக்குல. கூடவே ஒரு டியூட்டர். முக்கியமான இலக்கு ரோம். அங்கே இடிபாடுகளைக் காட்டி விளக்கம் சொல்றவங்களுக்கு 'சிச்செரோனே'ன்னு பேர். ரோமானியப் பேச்சாளர் சிசரோவோட பேர்ல இருந்து வந்த சொல். அந்த அளவுக்குப் பேசுவாங்க போல!

அப்போ ரோம்ல ரொம்பப் பிரபலமான கைடு ஒருத்தர், ஜேம்ஸ் பயர்ஸ். ஸ்காட்லாந்துக்காரர். 1764-ல் எட்வர்ட் கிப்பன் ரோமுக்கு வந்தப்போ ஊரைச் சுத்திக் காட்டினது இவர்தான். ஒரு நாள் ரெண்டு நாள் இல்லை, 18 வாரம்! நடுவுல சில சமயம் கவனம் சோர்ந்துபோச்சுன்னு கிப்பனே பின்னாடி ஒத்துக்கிறார். ஆனா ரோமப் பேரரசோட வீழ்ச்சியைப் பத்தி அவர் எழுதின பெரிய வரலாற்று நூலுக்கான எண்ணம் அந்தப் பயணத்துலதான் வந்துச்சு.

அப்போ பயர்ஸ் நல்ல கைடுதானே? சந்தேகமே இல்லை. ஆனா அவருக்கு இன்னொரு தொழிலும் இருந்துச்சு: பழம்பொருள், ஓவியம் எல்லாம் வாங்கி விக்கிறது. இன்னிக்கு பிரிட்டிஷ் மியூசியத்துல இருக்கிற 'போர்ட்லேண்ட் ஜாடி' இவர் கை மாறித்தான் ரோமை விட்டு வெளியே போச்சு. 1780-கள்ல நிகோலா பூசான் வரைஞ்ச ஏழு அருட்சாதன ஓவியங்களை ஒரு இங்கிலாந்துப் பிரபுவுக்கு வித்தார். ஒரிஜினலை எடுத்துட்டு, அந்த இடத்துல நகலை மாட்டி வச்சு, ரகசியமா வெளியே அனுப்பினார். காலையில சுத்திப் பார்க்க வர்ற பையன்தான் சாயங்காலம் அவரோட கஸ்டமர்.

இங்கே கவனிக்க வேண்டியது, பயர்ஸ் பொய் சொன்னாரா இல்லையாங்கிறது இல்லை. ஒருத்தருக்கு ஆழமான அறிவும் இருக்கலாம், கமிஷனும் இருக்கலாம். கமிஷன் இருந்தா, நாம எங்கே நிக்கிறோம், எங்கே ரொம்ப நேரம் நிக்கிறோம்ங்கிறதை அது முடிவு பண்ணும்.

அடுத்த நூற்றாண்டுல இந்தக் கணக்கை மாத்தினவர் தாமஸ் குக். குடிக்கு எதிரா பிரச்சாரம் பண்ண ஆள். 1841 ஜூலை 5-ல், லெஸ்டர்ல இருந்து லஃப்பரோவுல நடந்த மதுவிலக்குக் கூட்டத்துக்குச் சுமார் 500 பேரை ரயில்ல கூட்டிட்டுப் போனார். ஆளுக்கு ஒரு ஷில்லிங். 1864-ல் அவரோட குரூப் இத்தாலிக்கே போயிடுச்சு. 1868-ல் ஹோட்டல் கூப்பன் வந்துச்சு. ஊர்லயே காசு கட்டி கூப்பன் வாங்கிட்டா, அங்கே போய் ஒவ்வொரு ஹோட்டல்லயும் பேரம் பேச வேண்டாம்.

இதனால யார் பயணம் போனாங்கன்னு பாருங்க. டீச்சர்கள், கிளார்க்குகள், தனியா வர்ற பெண்கள். கிராண்ட் டூர்ல இவங்களுக்கு இடமே கிடையாது.

மேல்தட்டுக்கு இது பிடிக்கலை. இத்தாலியில ஸ்பெசியா ஊர்ல பிரிட்டிஷ் கான்சலா இருந்த நாவலாசிரியர் சார்ல்ஸ் லீவர், 1865-ல் புனைபெயர்ல ஒரு பத்திரிகையில குக்கோட கூட்டத்தைக் கிழிகிழின்னு கிழிச்சார். இவங்க எல்லாம் ஆஸ்திரேலியா ஏத்துக்காத கைதிங்க, பிரிட்டிஷ் அரசு இத்தாலி ஊர்கள்ல கொண்டுவந்து விட்டுட்டுப் போகுதுன்னு கதை கட்டினார்.

இதைப் படிச்சப்போ எனக்குக் கொஞ்சம் சுருக்குன்னு இருந்துச்சு. ஏன்னா என் ஷீட்ல நான் போட்ட முதல் ஃபில்டரே, கொடி பிடிச்சுட்டுப் போற பெரிய குரூப் டூர் எல்லாம் அவுட். நாம என்ன ஆட்டு மந்தையான்னு ஒரு கெத்து.

அந்தக் கெத்தோட ரோம்ல முதல் நாள் நானே கைடு. ரோமன் ஃபோரம்ல நல்ல வெயில். நான் போனைப் பார்த்துப் படிச்சுக்கிட்டே போறேன். ஒரு மணி நேரத்துல அம்மா ஒரு கல்லு மேல உட்கார்ந்துட்டாங்க. "நீ படிக்கிறியா, இல்ல எனக்குச் சொல்றியா?"

மறுநாள் லைசென்ஸ் இருக்கிற கைடோட குரூப் டூர். கொடி, காதுல இயர்போன், எல்லாம் உண்டு. அம்மா மெதுவா பின்னாடி நடந்து வந்தாலும் கைடு பேசுறது கேட்குது. அந்த அம்மா கொலோசியம் வளைவுகளுக்கு மேல செதுக்கியிருக்கிற ரோமன் எண்களைக் காட்டினாங்க. மொத்தம் 80 வாசல்ல 76-க்கு எண் இருந்துச்சு, வர்றவங்க கையில இருக்கிற வில்லையில அதே எண் இருக்கும். "ஸ்டேடியம் கேட் நம்பர் மாதிரி"ன்னாங்க அம்மா. உள்ளே அந்தஸ்துப்படிதான் இடம், பெண்களுக்கு உச்சியிலன்னு கைடு சொன்னதும், அம்மா அண்ணாந்து பார்த்து, "அப்போ என் சீட்டு அங்கேதான்"னாங்க. முந்தின நாள் நான் படிச்சதுல ஒண்ணுகூட அவங்களுக்கு ஞாபகம் இல்லை. இது இன்னிக்கும் ஞாபகம் இருக்கு.

வெனிஸ்ல கதை மாறிடுச்சு. ஹோட்டல்ல "முரானோ தீவுக்கு இலவச போட்"ன்னாங்க. 1291-ல் வெனிஸ் அரசு கண்ணாடி உலைகளை எல்லாம் மாத்தின தீவு அது. நான் உடனே ஓகேன்னேன். அம்மா என்னைப் பார்த்தாங்க: "போட்டுக்குக் காசு யாரு குடுக்குறா?" விசாரிச்சா, போட் நேரா ஒரு கண்ணாடிக் கடைக்குத்தான் போகுது. நாங்க காசு கொடுத்து வாட்டர் பஸ்ல போனோம். கடைக்குப் பதிலா கண்ணாடி மியூசியம் பார்த்தோம்.

முதல் தடவை போறவங்களுக்கு நான் கத்துக்கிட்டது இவ்வளவுதான். டூர் எடுக்கும்போது, வர்றது கைடா, இல்ல வெறும் டூர் லீடரான்னு கேளுங்க. இத்தாலியில ரெண்டும் வேற வேற தொழில். கைடுக்குத் தகுதிச் சான்று வேணும். 2023-ல் தேசிய அளவுல தேர்வு வைக்கிற மாதிரி சட்டமே வந்திருக்கு. விலையில நுழைவு டிக்கெட் சேர்ந்திருக்கான்னு பாருங்க. கொலோசியம் டிக்கெட்ல ஃபோரமும் பாலட்டைன் குன்றும் அடங்கும், டிக்கெட் உங்க பேர்லயே இருக்கும். பெரிய குரூப்னு பயப்படாதீங்க. வெனிஸ்ல 2024-ல் இருந்து ஒரு குரூப்புக்கு 25 பேர்தான், ஒலிபெருக்கியும் கூடாது. 'ஃப்ரீ வாக்கிங் டூர்' போகலாம், தப்பில்லை. ஆனா அந்த கைடுக்கு வருமானமே உங்க டிப்ஸ்தான், அதை மனசுல வச்சுக் கொடுங்க. நடுவுல 'ஷாப்பிங் ஸ்டாப்' இருந்தா, அந்த டூருக்கு யார் காசு போடுறாங்கன்னு உங்களுக்கே புரிஞ்சிடும்.

அம்மாவுக்கு அடுத்து சிசிலி போகணுமாம். இந்தத் தடவை ஷீட்டை அவங்களே போடுறேன்னு சொல்லிட்டாங்க. நான் சரின்னுட்டேன்.

அடுத்த எபிசோடுல பார்க்கலாம்.