கப்பமும் நன்கொடையும்: பாரிஸ் வழக்கு உணர்த்துவது என்ன?

பாரிஸ் நகரின் வட ரயில் நிலையத்தை அடுத்த லா ஷப்பல் பகுதியில், ரூ லூயி-பிளாங் வீதியிலும் அதையொட்டிய வீதிகளிலும் இலங்கைத் தமிழரின் கடைகள் நெருங்கி அமைந்துள்ளன. போரிலிருந்து தப்பி 1980களில் வரத் தொடங்கிய அகதிகள் உருவாக்கிய வணிக மையம் இது. இங்கு கூடிய சமூகத்திடம் விடுதலைப் புலிகளுக்காகப் பல ஆண்டுகள் நிதி திரட்டப்பட்டது.

விரும்பிக் கொடுத்தவர்கள் பலர். ஆனால், தொகையைக் கேட்பவரே தீர்மானித்து, மறுப்பவர் அஞ்ச நேரும்போது நன்கொடை கப்பமாகிவிடுகிறது. ஹியூமன் ரைட்ஸ் வாட்ச் அமைப்பு 2006 மார்ச்சில் வெளியிட்ட அறிக்கை இதனை விவரித்தது. 'இறுதிப் போர்' என்ற பெயரில் கனடாவில் குடும்பங்களிடம் 2,500 முதல் 5,000 டாலர் வரையும், சில வணிகர்களிடம் ஒரு லட்சம் டாலர் வரையும் கோரப்பட்டதாக அது கூறியது. மறுத்த சிலரிடம், உறவினரைப் பார்க்க இனி ஊர் திரும்ப முடியாது என்று கூறப்பட்டதாகவும் அது தெரிவித்தது.

உறவினர் வன்னியில் இருக்க, பாரிஸில் வாழும் ஒருவர் காவல்துறையிடம் முறையிடுவது எளிதல்ல. இத்தகைய வழக்குகளில் சாட்சிகள் முன்வரத் தயங்குவதற்கு இதுவே முக்கியக் காரணம்.

பிரான்ஸின் நடவடிக்கை

ஐரோப்பிய ஒன்றியம் 2006 மே மாதம் விடுதலைப் புலிகளைத் தடை செய்தது. 2007 ஏப்ரலில் பாரிஸ் பகுதியில் தமிழர் ஒருங்கிணைப்புக் குழுவைச் சார்ந்த பலர் கைதாயினர். மிரட்டிப் பணம் பறித்தல், பயங்கரவாதத்திற்கு நிதியளித்தல் ஆகிய குற்றச்சாட்டுகளின் பேரில் 2009 நவம்பரில் பாரிஸ் நீதிமன்றம் சுமார் இருபது பேருக்குத் தண்டனை விதித்தது. அதிகபட்ச தண்டனை ஏழு ஆண்டுச் சிறை. குழுவைக் கலைக்கவும் உத்தரவிடப்பட்டது. இலங்கையில் போர் முடிந்து அப்போது ஆறு மாதங்களே ஆகியிருந்தன.

மறுகட்டுமானத்தின் மீதான நிழல்

வற்புறுத்திப் பெற்ற பணத்தின் பாதிப்பு, கொடுத்தவரோடு நின்றுவிடவில்லை. 2004 டிசம்பர் சுனாமிக்குப் பின் வீடு, பள்ளி, மருத்துவமனை ஆகியவற்றை மீண்டும் கட்டப் புலம்பெயர்ந்தோர் மனமுவந்து உதவினர். அப்பணியில் முன்னின்ற தமிழர் புனர்வாழ்வுக் கழகத்தின் வங்கிக் கணக்குகளை இலங்கை அரசு 2006ல் முடக்கியது. அது புலிகளின் நிதி திரட்டும் முகப்பு அமைப்பு எனக் கூறி, அமெரிக்காவும் 2007 நவம்பரில் அதன் சொத்துகளை முடக்கியது. கழகமோ, தாம் செய்வது மனிதாபிமானப் பணி மட்டுமே என்று வாதிட்டது.

கட்டுமானப் பணி தவணை தவணையாக வரும் பணத்தை நம்பி நடப்பது. சிமெண்ட் வாங்கவும் கூலி கொடுக்கவும் பணம் வராவிடில் சுவர் பாதியில் நிற்கும். போர் நிதியும் நிவாரண நிதியும் ஒரே சமூகத்திடம், ஒரே காலத்தில், சில வேளைகளில் ஒரே வாசலில் கேட்கப்பட்டபோது, இரண்டையும் பிரித்தறிவது கொடுத்தவருக்கும் கடினமாயிற்று, அரசுகளுக்கும் கடினமாயிற்று. அந்தக் குழப்பத்தின் விலையை இறுதியில் கொடுத்தவர்கள், கூரைக்காகக் காத்திருந்த கரையோர மக்களே.